ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் அச்சாகிறது.)



குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றியும் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இந்த மேடையில் ஊசியைப் பற்றிப் பேச ஒரு செவிலியரை அழைத்திருக்கிறீர்கள். நன்றி. ஊசியைத் தவிர எனக்கு நன்றாகத் தெரிந்தது வேறில்லை.

நான் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தது 1982-ல். அன்று கண்ணாடி சிரிஞ்சுதான். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை ஸ்டெரிலைசரில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பது. சிரிஞ்சின் உருளையிலும் பிஸ்டனிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் மாறிப் பொருத்தினால் மருந்து பின்பக்கம் கசியும். ஊசிமுனை மழுங்கியிருந்தால் சின்னச் சாணைக்கல்லில் தீட்டுவோம். தீட்டியபின் பஞ்சில் குத்தி மெல்ல இழுத்துப் பார்ப்போம். ஓர் இழை சிக்கினாலும் முனை கொக்கிபோல மடங்கியிருக்கிறது என்று பொருள். அதை நோயாளியின் உடம்பில் ஏற்றக் கூடாது, மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். இடுப்பில் ஊசி போட இடம் குறிப்பதற்கே எங்கள் டியூட்டர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். புட்டத்தை மனக்கண்ணால் நான்காக வகுத்து, மேலே வெளிப்பக்கம் இருக்கும் கால்பகுதியில் மட்டும்தான் குத்த வேண்டும். உள்பக்கம் சயாட்டிக் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் அந்த ஆள் காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பார்.

மூன்றரை ஆண்டு இப்படி. பிறகு தேர்வு. அதற்கும் பிறகு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் ஏறி, ஒரு பதிவு எண் கிடைத்தது. அந்தப் பதிவுக்கு அடிப்படையான சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-ல் வந்தது. நான் தவறு செய்தால் அந்த எண்ணைப் பிடித்து என்னைக் கேள்வி கேட்கலாம், பெயரை நீக்கலாம். ஒரு தாய் என்னை நம்பித் தன் பிள்ளையின் தொடையைக் காட்டினாள் என்றால், அந்த எண்ணும் சேர்ந்துதான் அவளுக்குத் துணை நின்றது. அவளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இனி 2004-க்கு வருகிறேன். இரவுப் பணியும் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்துவதுமாக என் கழுத்து பிடித்துக்கொண்டு, வலது கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் இருந்த காலம். மாத்திரை சாப்பிட்டேன், பிசியோதெரபி செய்தேன், ஓரளவு குறைந்தது. ஒரு தோழி அழைத்துப்போய் அக்குபங்சர் பார்க்கச் சொன்னாள். நான்காம் முறையில் கை மேலே போனது. இதைக் கற்றே தீர்வது என்று முடிவு செய்தேன். வேறொரு மாவட்டத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு தோறும் வகுப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 36 மணி நேரம். ஏழாவது வாரம் பொன் நிறக் கரை போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று அச்சடித்திருந்தது. நான் அதைச் சட்டம் போடக் கொடுக்கவில்லை, அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்பதையும் இந்த அவையில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த ஆறு வாரத்தில் சொல்லித்தந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்பிக்கையோடுதான் சொல்லித்தந்தார்கள். புள்ளிகளைக் கட்டைவிரல் அளவால் அளக்க வேண்டும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே இத்தனை விரல், மணிக்கட்டுக்கு மேலே இத்தனை விரல் என்று நாங்களும் எழுதிக்கொண்டோம். யாருடைய கட்டைவிரல் என்று யாரும் சொல்லவில்லை. நான் என் விரலால் அளந்தேன். என் பக்கத்தில் இருந்த ஆறடி உயரமுள்ள தம்பி தன் விரலால் அளந்தான். அளவு நோயாளியின் கட்டைவிரலுக்கு உரியது என்று, அதாவது அவரவர் உடம்புக்கு அவரவர் விரலே கோல் என்று, இரண்டு ஆண்டு கழித்து ஒரு பாடநூலைப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த இரண்டு ஆண்டில் எத்தனை பேருக்கு இடம் தப்பிக் குத்தியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

கற்றுக்கொண்டவரைச் சோதிக்காமல் ஊசியைக் கையில் கொடுக்கக் கூடாது என்பது இந்த வைத்தியம் பிறந்த இடத்திலேயே இருந்த கட்டுப்பாடு. சீனத்தில் சோங் அரச மரபின் காலத்தில், 1027-ல், வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர் ஆளுயர வெண்கல மனிதர் இருவரை வார்ப்பித்தார். உடம்பெங்கும் புள்ளிகள் இருக்கும் இடத்தில் துளைகள். தேர்வு நாளில் மேனி முழுக்க மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்பி வைப்பார்களாம். ஆசிரியர் புள்ளியின் பெயரைச் சொல்வார், மாணவன் குத்த வேண்டும். இடம் சரியென்றால் நீர் கசியும். தப்பென்றால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். நம் நாட்டில் ராஜராஜன் காலம் முடிந்து ராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்தபோது, அங்கே இதற்குச் செய்முறைத் தேர்வு இருந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் எங்களை ஒருவரும் எதிலும் குத்திக் காட்டச் சொல்லவில்லை.

இந்த வைத்தியம் இந்தியாவுக்கு வந்த வழியும் கட்டுப்பாடான வழிதான். ஜப்பானியப் படையெடுப்பில் சீனம் துன்பப்பட்டபோது, 1938-ல் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பியது. சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே உழைத்து 1942 டிசம்பரில் அங்கேயே மறைந்தார். அவரோடு போனவர்களில் கல்கத்தாவின் பிஜய் குமார் பாசுவும் ஒருவர். பாசு 1958-ல் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சரை முறையாகக் கற்று, அடுத்த ஆண்டு முதல் கல்கத்தாவில் அதைக் கொண்டு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அறுவை சிகிச்சையும் உடற்கூறும் தெரிந்த ஒரு மருத்துவர், அதற்குமேல் இதையும் கற்றார். இன்று இந்தியாவில் அக்குபங்சருக்கென்று தனிச் சட்டம் போட்டு, கவுன்சில் அமைத்த மாநிலங்கள் எவை என்று பாருங்கள். மேற்கு வங்கம் 1996-லேயே சட்டம் இயற்றியது. பின்னர் மகாராஷ்டிரம் இயற்றியது. பாசுவின் மண்ணும் கோட்னிஸின் மண்ணும். இது தற்செயலாக இருக்கலாம். எனக்கு என்னவோ, தொடக்கம் ஒழுங்காக இருந்த இடத்தில் தொடர்ச்சியும் ஒழுங்கைத் தேடும் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக்கு அது பல வழியாக வந்தது. கொழும்பில் களுபோவில அரசு மருத்துவமனையில் அன்டன் ஜயசூரியவிடம் பயில வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் போனார்கள், நம்மவர்களும் போனார்கள். இங்கேயே எம்.பி.பி.எஸ். படித்த சிலர் கற்றுப் பரப்பினார்கள். அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் அது ஒரு பாடம். இவை போக, கடந்த இருபத்தைந்து ஆண்டில் ஊர் ஊராகப் பரவியது ‘ஹீலர்’ வழி. ஊசியே வேண்டாம், நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டால் போதும் என்பார்கள். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் தண்ணீர் குடி, நேரத்தோடு தூங்கு என்று அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு ஒன்றும் கிடையாது. என் பாட்டியும் அதைத்தான் சொன்னாள். அதோடு சேர்த்து மூன்று சொற்களை ஊருக்குள் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. மாத்திரையை நிறுத்து. டெஸ்ட் எடுக்காதே. வருவதெல்லாம் கழிவு நீக்கம்.

அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாதம் மரத்துப்போகிறது, ஊசி போட்டுவிடுங்கள் என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றும்போதே வாடை வந்தது. பெருவிரலுக்குக் கீழே ஐம்பது காசு அளவுக்குக் கறுத்த இடம், சுற்றிலும் தோல் வெளுத்துப் பஞ்சுபோல் ஊறியிருந்தது. நான் விரலால் அழுத்தியது அவருக்குத் தெரியவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை. நான்கு மாதத்துக்கு முன்னால் இன்சுலினை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தச் சொன்னவர் சான்றிதழ் வைத்திருந்தவர், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொண்டவர். புண் வந்ததும் அவரிடமே போய்க் காட்டியிருக்கிறார். கழிவு வெளியேற உடம்பு வழி தேடுகிறது, மருந்து போட்டு அடைத்துவிடாதீர்கள் என்று பதில் வந்திருக்கிறது.

அன்று மாலையே ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு விரல்கள் போயின. கால் மிஞ்சியது. அவர் மனைவி பிறகு என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தச் சொற்பொழிவுக்கே காரணம். “அவரும் நீங்களும் ஒரே படிப்புத்தானே படிச்சிருக்கீக? எங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா, யாரு தெரிஞ்சவுக, யாரு தெரியாதவுகன்னு?”

அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எங்கள் இருவர் சான்றிதழும் ஒரே தாள், ஒரே பொன் கரை.

இப்போது அரசாணைகளைப் பற்றி. நம் அக்குபங்சர் தோழர்கள் பலர் பலகையில் ‘மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஆணை, என்ன சொல்கிறது என்று படித்தவர்கள் குறைவு. 2003 நவம்பர் 25-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரைத் தலைவராகக் கொண்ட வல்லுநர் குழு பல மாற்று முறைகளை ஆராய்ந்து, அக்குபங்சரையும் ஹிப்னோதெரபியையும் சிகிச்சை முறைகள் என்ற அளவில் ஏற்கலாம் என்றது, மற்றவற்றை ஏற்கவில்லை. பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. அதே ஆணைதான், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியைப் பலகையில் எழுதுகிறோம், இரண்டாம் பாதியை அதே பலகையில் மீறுகிறோம். பிறகு 2019 பிப்ரவரி 21-ல் அக்குபங்சரைத் தனித்த ஒரு நலச் சிகிச்சை முறையாக ஏற்று இன்னோர் ஆணை வந்தது. பெரிய வெற்றி என்று இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். நானும் கொடுத்தேன். ஆனால் முறைக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆளுக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகாது. சித்த மருத்துவம் அங்கீகரிக்கப்பட்டது என்பதால் நான் சித்த மருத்துவர் ஆகிவிட முடியுமா? ‘தகுந்த பயிற்சி’ என்றால் எத்தனை மணி நேரம், யார் நடத்தியது, யார் சோதித்தது என்று நம் மாநிலத்தில் சொல்லும் சட்டமும் மன்றமும் இல்லாதவரை அந்தச் சொல் காற்றில்தான் நிற்கும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 1999-லேயே ஓர் அளவுகோல் தந்துவிட்டது. மருத்துவப் படிப்பு இல்லாதவர் முழுநேர அக்குபங்சர் பார்க்க வேண்டுமென்றால் 2500 மணி நேரப் பயிற்சி, அதில் 1000 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்முறையும் நோயாளியிடம் நேரடிப் பயிற்சியும். ஏற்கெனவே மருத்துவரானவர் தம் துறைக்குள் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்தவே குறைந்தது 200 மணி நேரம். என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் 2500 மணி நேரத்தை முடிக்க 417 ஞாயிறுகள் வேண்டும். எட்டு ஆண்டு. நான் படித்தது ஆறு ஞாயிறு.

அவ்வளவு நேரம் எதற்கு, 361 புள்ளிகளை மனப்பாடம் செய்ய ஆறு மாதம் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். முதலில், புள்ளி இருக்கும் இடமே அவ்வளவு எளிதில் முடிந்த விஷயமாக இருக்கவில்லை. சீனம், ஜப்பான், கொரிய வல்லுநர்கள் உட்கார்ந்து பேசியபோது 92 புள்ளிகளின் இடத்தில் வேறுபாடு இருந்தது. ஆண்டுக்கணக்கில் பேசி 2008-ல் பொது நூல் வெளிவந்தபோதும் ஆறு புள்ளிகளில் ஒருமை ஏற்படவில்லை. அதைவிட முக்கியம், புள்ளிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்புக்கும் தோள் முனைக்கும் நட்டநடுவே ஒரு புள்ளி, ஜி.பி. 21. கழுத்து வலி, தோள் வலி என்றால் எல்லோரும் தேடிப் போகும் இடம். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. நம் ஊரில் செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் சுமை தூக்கும் பெண்களின் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தோலும் எலும்பும்தான். தடித்த உடம்புக்கு ஒரு பாடநூல் சொன்ன ஆழத்தை அந்தத் தோளில் நேராக இறக்கினால், நுரையீரலைத் துளைத்துக் காற்று வெளியே கசிய வாய்ப்புண்டு. அவள் வீட்டுக்குப் போய் மூச்சு வாங்குகிறதே என்று படுத்துக்கொள்வாள். அதேபோல் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எல்.ஐ. 4. தலைவலி, பல்வலிக்குப் பெயர் பெற்றது. கர்ப்பிணிக்கு அங்கே குத்தக் கூடாது என்பது பாடநூல் விதி. என் ஆறு வாரத்தில் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒரு பெண்ணிடம் கேட்கவே யாரும் சொல்லித்தரவில்லை. செவிலியர் என்பதால் நானாகக் கேட்டேன்.

சுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. 1984-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரே அக்குபங்சர் நிலையத்தில் சிகிச்சை பெற்ற 35 பேருக்கு ஹெபடைட்டிஸ்-பி தொற்றியது. ஒருமுறை போட்ட ஊசி ஒருமுறையோடு போக வேண்டும், வெள்ளை நிறத்தில் உள்ளே தெரியும்படியான, குத்தினாலும் துளைபடாத டப்பாவுக்குள். 2016-ன் மருத்துவக் கழிவு விதி அதைத்தான் சொல்கிறது. தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குப்பைத் தொட்டியில் எறிந்தால் அதைப் பொறுக்குவது நகராட்சித் துப்புரவுப் பணியாளரின் கை.

நன்கு பயின்றவர் கையில் இந்த வைத்தியம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அக்குபங்சர் செய்துகொண்ட 2,29,230 பேரை வைத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேருக்குச் சிறு இரத்தக்கசிவு, வலி போன்றவை. நுரையீரல் துளைபட்டது இருவருக்கு. இதே நாட்டின் இன்னோர் ஆய்வையும் நேர்மையாகச் சொல்கிறேன். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேர். முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் நல்ல குணம் தெரிந்தது. வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகப் போட்ட போலி ஊசியில் 44.2 சதவீதம். நம் தோழர்கள் முதல் எண்ணை மட்டும் நோட்டீசில் போடுகிறார்கள், இந்த முறையை ஏற்காத மருத்துவர்கள் மூன்றாவது எண்ணை மட்டும் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த எனக்குத் தெரிவது இது. இடம் கொஞ்சம் விலகினால் பலன் எவ்வளவு குறையும் என்பதில் வாதம் இருக்கலாம். இடமும் ஆழமும் விலகினால் கேடு வரும் என்பதில் வாதமே இல்லை. ஆகவே அக்குபங்சரை நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து கேட்க வேண்டியது பயிற்சித் தரத்தைத்தான்.

பிரசவத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1886-ல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியின் வாசலைப் பெண்கள் மிதிக்காத காலத்தில் அங்கே படித்து, 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் உதவித் தொகை இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில், 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம்பெண் இறந்தார். அடுத்த மாதமே கோயம்புத்தூரில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் அறிவித்தவர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகும் இயற்கை வழி, அக்குபங்சர் வழி என்று சொல்லி வீட்டில் பிரசவம் பார்க்கும் எண்ணம் நம் மாநிலத்தில் ஓயவில்லை.

நான் மகப்பேறு வார்டில் ஒன்பது ஆண்டு இருந்தவள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிடும். அழும். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு கர்ப்பப்பை சுருங்காது. தாயின் வயிற்றில் கை வைத்தால் அது கெட்டிப் பந்துபோல் இருக்க வேண்டும், ஊறவைத்த மாவுபோல் கொழகொழவென்றிருக்கும். இரத்தம் சொட்டாது, ஊற்றும். அரை லிட்டர் போவதற்குச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடத்தில் ஆக்ஸிடோசின் ஊசி வேண்டும், வயிற்றின் மேலிருந்து பிசைந்துவிடும் கை வேண்டும், நரம்பில் ஏற்றத் திரவம் வேண்டும், இரத்தம் வேண்டும். ராணியார் மருத்துவமனை இருக்கிறது, மருத்துவக் கல்லூரி 2017-லிருந்து இருக்கிறது, கூப்பிட்டால் 108 வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு விரல் தொடுதலை நம்பி ஒரு பெண்ணைத் தரையில் கிடத்துவது எந்த வைத்தியத்திலும் சேராது. நான் அக்குபங்சர் பார்ப்பவள் என்ற உரிமையோடு சொல்கிறேன், நாளைக்கு இந்த மாநிலத்தில் ஒரு மன்றம் அமையுமானால் அதன் முதல் விதி, பிரசவம் பார்க்கும் அக்குபங்சர்காரரின் பெயர் பதிவேட்டில் இருக்காது என்பதாக இருக்கட்டும்.

சட்டம் வந்தால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி பக்கமெல்லாம் பத்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் இதைக் கற்று, முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் மிகக் குறைந்த கட்டணத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்று நட்டு, கடலை பிடுங்கி, முதுகு ஒடிந்து வருகிற தாய்மார்களுக்கு அவர்கள் பெரிய ஆறுதல். அவர்களைப் போலிகள் என்று ஒரே கயிற்றில் கட்டுவது அநியாயம். முன்னுதாரணம் இருக்கிறது. 1970-ல் இந்திய மருத்துவ முறைகளுக்கு மத்தியச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே மாநிலப் பதிவேட்டில் இருந்தவர்களின் உரிமையை அது பறித்துவிடவில்லை. அதுபோல, இத்தனை ஆண்டு பார்த்தவர்களுக்கு ஓர் இணைப்புப் பயிற்சி, ஒரு செய்முறைத் தேர்வு, தவறினால் மறுபடி எழுத வாய்ப்பு. தேர்வைத் தமிழில் நடத்த வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் முழுப் படிப்பு.

தேர்வு என்றாலே எங்கள் பெண்கள் பயப்படுவார்கள் என்கிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இங்கே நடந்தபோது நான் இளம் செவிலியர். கல் உடைக்கும் பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கற்றார்கள், பகலில் சைக்கிள் கற்றார்கள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எங்களிடம் கட்டுப்போட வருவார்கள், கட்டுப் போட்டதும் திரும்பப் போய் ஏறுவார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் மிதித்த அந்தக் காட்சியை நாடே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்களின் மகள்களா ஒரு செய்முறைத் தேர்வுக்கு அஞ்சப் போகிறார்கள்?

பதிவேட்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2000-ல் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. 2012 முதல் அது நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. அங்கே எவரும் ஒரு பெயரைத் தேடி, இவர் பதிவு பெற்றவரா, இவர்மேல் ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அன்னவாசல் அம்மா என்னிடம் கேட்டது அதைத்தான். பெரிய மாளிகை ஒன்றும் கேட்கவில்லை, ஒரு பெயர்ப் பட்டியல்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பதினெட்டு ஆண்டாக என் வீட்டு முன்னறையில் நான் செய்துவருவதைச் சொல்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் பெயர், வயது, சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறேன். எந்த மாத்திரையையும் நான் நிறுத்தச் சொல்வதில்லை, அது எழுதிக்கொடுத்தவர் வேலை. நான்கு முறைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் பணம் வாங்காமல் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். நெஞ்சு வலி, ஒரு பக்கம் இழுப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, கர்ப்பிணிக்கு உதிரப்போக்கு, பாதத்தில் புண் இவற்றோடு வருகிறவரை நான் கட்டிலில் படுக்கவே வைப்பதில்லை. தொடக்கத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்து மருத்துவமனையில் முகம் சுளித்தார்கள். இப்போது சில மருத்துவர்கள் அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்புகிறார்கள். இடுப்பு வலிதான், வேறொன்றுமில்லை, நீங்களே பாருங்கள் என்று முதன்முதலில் ஒரு பதில் வந்த அன்று, பதிவு எண் கிடைத்த நாளில் அடைந்த மகிழ்ச்சியை மறுபடி அடைந்தேன்.

இந்தக் கூட்டத்துக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அக்குபங்சருக்கு ஒரு மன்றமும் பதிவேடும் செய்முறைத் தேர்வும் வேண்டும் என்று அரசுக்கு எழுதியது. வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பத்திகள் நான்கு. பெயர், ஊர், எத்தனை மணி நேரம் பயின்றீர்கள், உங்களைச் சோதித்தவர் யார். பெயருக்கு முன்னால் எதுவும் போடாமல் எழுதுங்கள். முதல் வரியை நானே நிரப்பியிருக்கிறேன். மூன்றாம் பத்தியில் ‘36 மணி நேரம், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்’ என்று இருக்கும். நான்காம் பத்தியில் ‘யாருமில்லை’ என்று இருக்கும்.